குளிரவே இல்லை

கண்ணம்மா,

வயித்துக் கட்டி ஆபரேஷனுக்கு வேற யார் மயக்க ஊசி போட்டாலும் தூங்க மாட்டேன்னு உங்கம்மா அடம்பிடிச்சா. நானே போட்டேன். நீ பொறந்த ஆபரேஷனுக்கும் நான்தான். அன்னைக்கு முழிச்சதும் குளிர்ல பல்லு தந்தியடிச்சதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமா என் மானத்தை வாங்கினா. அதனால இந்தத் தடவை, முழிக்கறதுக்கு முன்னாடியே நடுக்கத்துக்கான மருந்தை ஏத்திட்டேன்.

மதியம் வரைக்கும் ஆகும்னு சொன்ன சர்ஜன், வயித்தைத் திறந்து பார்த்துட்டு, காலை டீ வர்றதுக்குள்ளயே தையல் போட்டுட்டார். என் முகத்தைப் பார்க்கலை.

அம்மா கண்ணைத் திறந்தா. உதடுகூட நடுங்கலை.

"குளிரவே இல்லைங்க! அப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, கட்டியை முழுசா எடுத்தாச்சுல்ல?"

ஆமான்னு தலையாட்டிட்டேன்.

எப்படியாவது லீவு போட்டுட்டு வா. உன்கிட்டயும் கேட்பா.

அப்பா