முறிந்த கைக்குப் பலம்

அபினாவுக்க அப்பாவுக்கு,

கஞ்சியும் சாளை மீன் கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

நீங்கள் முறுக்கி ஒடித்த கையில் மாவுக்கட்டு பிரித்தபோது, அரைக் கிளாஸ் தண்ணீரைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. நர்ஸ் சொன்னபடி மூன்று மாதம் சுவரில் கையூன்றித் தள்ளினேன். பாட்டிலில் மணல் நிறைத்துத் தூக்கினேன். "எட்டீ, என்னெ அடிக்கவாக்கும் இந்தப் பலமெல்லாம்?" என்று சிரித்தீர்கள்.

அடிக்க இல்லை. பிள்ளையை இடுப்பிலும் பெட்டியை இந்தக் கையிலும் தூக்கிக்கொண்டு, காட்டாக்கடையில் அம்மை வீட்டுக்குப் போகத்தான். இன்று போகிறேன்.

இனி வெளியே இறங்கினால் சாவியைப் பக்கத்து சிஜி வீட்டில் கொடுக்க வேண்டாம். வாங்க நான் வரமாட்டேன்.

பவுலா

சொல்ல மறந்தது: சாயங்காலம் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வருவார். நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக அவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டாம். நடந்ததை நேற்றே நான் சொல்லிவிட்டேன்.