கண்மாய் மேட்டுக்குப் போதுமான இழுவை

உ
கொத்தமங்கலம்
9.6.2024

கருத்தையாவுக்கு நாகம்மை ஆச்சி எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் உன் மகன் ரவிக்குமாரும் நலமா? போனில் எனக்குக் காது கேட்பதில்லை. அதுவுமில்லாமல் பேசினது காற்றோடு போகும், எழுதினது நிற்கும்.

ஆவணியில் பேத்தி அகல்யாவுக்குக் கல்யாணம். நம் பழைய பச்சைக் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நிற்கிறாள், பக்கத்தில் நானும் உட்கார வேண்டுமாம். வண்டியைக் கல்லலுக்கு, உன் மகன் பட்டறைக்கு அனுப்புகிறேன். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடுமாமே. போடச் சொல்லு.

ஏன் என்று உனக்குத் தெரியும். 1969 தை மாதம், வெள்ளிக்கிழமை. கண்மாய் மேட்டில் வண்டி திணறியது. "ஒரு ஆளு எறங்குனா ஏறிரும்" என்று வண்டியோட்டின நீதான் சொன்னாய். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதம். பட்டுச்சேலையோடு நான் மேடேறி நடக்க, கதிர் அறுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினோரு பேர். பெயர் சொல்லவா? அதற்கப்புறம் அந்தக் காரில் நான் கால் வைக்கவில்லை. உன்னோடும் பேசவில்லை.

கோயிலுக்கு இன்றைக்கும் அந்த மேடுதான் வழி. இந்தத் தடவை யாரும் இறங்கக் கூடாது.

நாகம்மை


கல்லல்
17.6.2024

ஆச்சி அவர்களுக்குக் கருத்தையா வணங்கி எழுதுவது. ஐம்பத்தைந்து வருசம் கழித்து எனக்கு ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் சந்தோசம்.

வண்டி வந்து சேர்ந்தது. நீங்கள் சொல்வது சரிதான். சிலிண்டர் அகலமானால் உள்ளே போகிற காற்றும் பெட்ரோலும் கூடும், மேட்டில் இழுவை கூடும். ஆனால் அந்த எஞ்சினைத் திறக்க வேண்டாம் ஆச்சி. இருக்கிறபடி இருக்கட்டும். பயமாக இருந்தால் கல்யாணத்துக்கு வேறு கார் பிடித்துக்கொள்ளலாம்.

தங்கள்
கருத்தையா


கொத்தமங்கலம்
22.6.2024

கருத்தையா,

வண்டி யாருடையது? திற என்றால் திற. அன்றைக்கு இறங்கு என்றாய், இன்றைக்கு வேறு கார் என்கிறாய். எப்போதும் நான்தான் இறங்க வேண்டுமா?

என் வீட்டுக்காரவுக இருந்தவரை ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் "ஏறேன் நாகம்மை" என்று கூப்பிட்டார்கள். ஒரு காரணம் சொன்னதில்லை. நான் பஸ்ஸில் போனேன். அவுக போயும் இருபத்தாறு வருஷம் ஆச்சு. உன் புத்திமதி எனக்கு வேண்டாம்.

நாகம்மை


கல்லல்
1.7.2024

ஆச்சி அவர்களுக்கு,

திறந்தாயிற்று. மகன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பிஸ்டன் தலையில் 60 என்று பொறித்திருக்கிறது. ஏற்கெனவே கடைந்து கடைசி அளவு போட்டாயிற்று என்று அர்த்தம். இனிச் சுரண்டினால் சுவர் தாங்காது. "யாருப்பா இதைச் செஞ்சது?" என்றான். இனி மறைக்க வழியில்லை.

முதலாளிதான். நீங்கள் இறங்கி நடந்த மறுமாசமே மதுரைக்குக் கொண்டுபோய்க் கடைந்தோம். திரும்பி வந்து, முன்னால் அவுக, பின்சீட்டு நிறைய நெல்மூட்டை, உங்கள் இடத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு. அதே மேட்டில் நிற்காமல் ஏறியது ஆச்சி. "ஆச்சி ஒரு மூட்டைகூட இருக்க மாட்டாகளே முதலாளி" என்றேன். சிரித்தார்கள். அப்புறம் சொன்னார்கள்:

"அவகிட்டச் சொல்லிறாத கருத்தையா. எஞ்சினை மாத்துனீகளே, என்னை எறக்கிவிட்ட உங்க ஆத்தாளை ஒரு வார்த்தை கேட்டீகளான்னு கேப்பா. அவளா ஏறட்டும்."

சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் திறக்க வேண்டாம் என்றேன். இருக்கிற இழுவை இப்பவும் அந்த மேட்டுக்குப் போதும்.

கருத்தையா


கொத்தமங்கலம்
19.7.2024

கருத்தையாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

எஞ்சினை இருந்தபடியே மூடச் சொல்லு. கல்யாணத்துக்கு வண்டியோடு நீயும் வா. உன் மகன் ஓட்டட்டும், நீ முன்சீட்டில் உட்கார். இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததற்கு உன்மேல் புதுக் கோபம் ஒன்று இருக்கிறது. அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

அவுக என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆத்தாளை ஒரு வார்த்தை கேட்டீகளா என்று கேட்டுத்தான் இருப்பேன்.

கேட்டுவிட்டு ஏறியிருப்பேன்.

நாகம்மை