இரண்டாவது மைக்

அக்கா,

நேற்று தியாகராய நகரில் கச்சேரி. உன் இடத்தில் வைத்திருந்த மைக்கை நகர்த்தக் குனிந்தபோது அதிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. நான் கிராம்பு மெல்லுவதில்லை. அது உன் பழக்கம். நீ போய் ஒரு மார்கழியே கடந்துவிட்டது.

சேர்ந்து பாடிய காலமெல்லாம் நமக்குப் பகை அந்த இரண்டு மைக்குகள்தான். உன் குரல் என் மைக்கில் ஏறும், என் குரல் உன் மைக்கில் ஏறும். இரண்டும் கலந்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். மைக் செட் முனுசாமி தலையில் அடித்துக்கொள்வார். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கினு கீதும்மா. ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கினு பாடுங்க."

அப்படியே ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து, மைக்கில் வாயை நெருக்கிப் பாடப் பழகினோம். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மைக்குக்குப் பதில் இரண்டு செம்புகளை வைத்துக்கொண்டு சாதகம் செய்ததைப் பார்த்து அம்மா சிரித்தாள். நீதான் சிணுங்கினாய். "உன் மூஞ்சியப் பாக்காம எப்படிடி பாடறது? நீ எப்போ முடிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு நீயே வழி கண்டாய். கடைசி ஸ்வரத்தை நான் விட்டபின் நீ ஒரு மூச்சு கூடுதலாகப் பிடிப்பாய். "ஆத்துக் கதவைப் பூட்டிண்டு கடைசியா வரவ பெரியவதானே" என்பாய்.

நேற்று முனுசாமி பழக்கதோஷத்தில் உன் மைக்கையும் வைத்துவிட்டார். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயில்லாமல் முதல் கச்சேரி; பாட முடியுமா என்ற பயம் இருந்தது. முடியாவிட்டால் இதோடு மேடையை விட்டுவிடுவதென்று தீர்மானித்திருந்தேன்.

பாட ஆரம்பித்ததும் என் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், மெலிதாக. என் குரல்தான் உன் மைக்கில் போய் விழுகிறது என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். நம் இருவருக்கும் ஒரே குரல் என்று ஊரே சொல்லுமே.

மங்களம் முடித்து வாயை மூடினேன். குரல் நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம் நீண்டு, பிறகு அடங்கியது. வில்லை எப்போதோ இறக்கிவிட்ட வயலின்காரர் உன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முனுசாமி மேடையேறி வந்தார். "அந்த மைக்குக்கு நான் சுச்சே போடலியேம்மா" என்றார். "அடுத்த கச்சேரிக்கு இத்த எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

பயம் போகவில்லை, அக்கா. ஆனால் பாட்டை விடப்போவதில்லை. இன்று காலை சாதகத்தில் ஒவ்வொரு பாட்டையும் சற்று முன்னதாகவே முடித்தேன். பூட்டிக்கொண்டு வர உனக்கு நேரம் வேண்டுமே.