சனிக்கிழமை ஜெபத்தில் நீங்கள் சொல்லாத பெயர்

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று ரோட் டெக்ஸ் வரிக் காகிதத்தைத் தேடி லோரியின் முன்பெட்டியைக் குடைந்தபோது உங்கள் தைலப் புட்டி கையில் அகப்பட்டது. மூடியைத் திறக்காமலே வாசம் வந்துவிட்டது. பின்னால் செம்பனைக் குலைகள், ஆலை வாசலில் எனக்கு முன்னால் எட்டு லோரிகள். புட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்த பிறகுதான் வரிசை நகர்ந்துவிட்டது தெரிந்தது. பழைய ஆளாக இருந்தால் இறங்கிப் போய் அவனுடைய கதவைத் திறந்திருப்பேன். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு லோரியை நகர்த்தினேன்.

உபவாசம் இருக்கிற நாளில் உங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் தலைவலி வந்துவிடும். காலையில் இரண்டு குவளை தேத்தண்ணி குடித்துப் பழகியவர், ஒரு வாய்த் தண்ணீரோடு மத்தியானம்வரை இருப்பீர்கள். நெற்றியில் தைலம் தேய்த்து, அதன்மேல் முக்காடு போட்டுக்கொள்வீர்கள். அந்தத் தலைவலியெல்லாம் என்னால் வந்தது என்பது எனக்குத் தெரிய நெடுநாள் ஆயிற்று.

அப்போது நான் எப்படி இருந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் இருந்தவரை என் வாயால் ஒருமுறைகூட நான் அதைச் சொன்னதில்லை, அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். புக்கிட் பெருந்துங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குச் சம்சு சாராயம் குடித்துவிட்டு வருவேன். சோறு ஆறிப்போயிற்று என்று தட்டைத் தூக்கிச் சுவரில் எறிவேன். மகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் தட்டு உங்கள் பெண் ரூபியின் நெற்றியில் பட்டது. மறுநாள் காலை அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஈஜோக்கில் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போன் போட்டு உங்களைத்தான் ஏசினேன். பெண்ணை வளர்த்த லட்சணம் என்றெல்லாம் பேசினேன். அத்தனையும் கேட்டு முடித்து, "சாப்டீங்களா மாப்ள?" என்பீர்கள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

உங்களுக்கு நான் எப்போதும் மாப்பிள்ளைதான். மருமகன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது உங்கள் அம்மா காலத்துப் பழக்கம். ஞானஸ்நானம் எடுத்து எத்தனையோ பழக்கங்களை விட்ட நீங்கள் இதை மட்டும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை விரலால் தொட்டுத்தான் காட்டினீர்களாம்; ரூபி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கடைவீட்டு மாடியில் இருக்கும் உங்கள் சிறிய சபையில் சனிக்கிழமை ஜெபத்துக்கென்று ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். ஜெபம் வேண்டுகிறவர் அதில் உட்கார, மற்றவர்கள் சுற்றி நின்று தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். வராதவருக்குப் பதிலாக வீட்டார் உட்காரலாம். ஆனால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். ரூபி வந்த அதே வாரம் நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். "யாருக்காகம்மா?" என்று பாஸ்டர் கேட்டார். என் பெயர் உங்கள் வாயில் வரவில்லை. "எனக்காகத்தான் பாஸ்டர். குடி இருக்கு, கோவம் இருக்கு" என்றீர்கள். கள் வாசம் பட்டாலே மூக்கைப் பொத்துகிற நீங்கள்!

எனக்கு இது ஊர்வம்பாகத்தான் வந்து சேர்ந்தது. ஈஜோக் சாலையோர ஒட்டுக்கடையில் சேகர் இருந்தான், என்னைப்போலவே குலை ஏற்றும் லோரிக்காரன். "டேய், ஒன் மாமியாரு தண்ணி போடுறாங்களாமே? சர்ச்சுல வாரா வாரம் ஜெபம் பண்ணியும் விடலியாம்லா!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் பிரித்துவிட்டார்கள். அந்த வேகத்திலேயே லோரியை எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தேன், உங்களை நாலு கேள்வி கேட்க. குடிக்கிறவன் நான், குடும்ப மானம் போயிற்று என்று குதித்தவனும் நானேதான்.

மாடிப்படி ஏறியவன் கதவருகே நின்றுவிட்டேன். நீங்கள் முக்காடு போட்டு ஸ்டூலில் குனிந்திருந்தீர்கள். ஏழெட்டுப் பெண்கள் உங்கள் தலையிலும் தோளிலும் கைவைத்திருந்தார்கள். பாஸ்டர் உரக்க ஜெபித்தார்: "ஆண்டவரே, தட்டை எறிகிற இந்தக் கையைப் பிடியும். சோறு ஆறிவிட்டதென்று எழும்புகிற இந்தக் கோபத்தை அமர்த்தும். கட்டிலுக்கடியில் ஒளிகிற அந்தப் பிள்ளையின் பயத்தை எடுத்துப்போடும்." நீங்கள் அழுதபடியே ஆமேன் சொன்னீர்கள். எந்தக் கை என்று அந்த அறையில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வந்தீர்கள். "லோரிய நெழல்ல போட்டீங்களா மாப்ள?"

"என்னா அத்தை இது? ஊரே ஒங்களப் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும்லா. பேரு யாருக்கு வேணும்? ஆண்டவருக்குத் தெரியும். நீங்க ஒருநாளு இந்தப் படி ஏறி வருவீங்க. அப்ப தல நிமிந்து வரணும்."

அன்றோடு குடியை விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. அன்று சாயங்காலமே குடித்தேன். ஆனால் அதற்குப் பிறகு தட்டைத் தூக்கிய போதெல்லாம் நீங்கள் குனிந்திருந்தது கண்முன் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்தேன், மூன்று மாதம் தாங்கினேன், மறுபடி விழுந்தேன், மறுபடி போனேன். நீங்கள் ஸ்டூலை விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ரூபி பிள்ளையோடு திரும்பி வந்தாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் உங்களைச் சபைக்குக் கூட்டிப்போகிற வேலை என்னுடையதாயிற்று. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு லோரிக்குள் ஏறுவீர்கள், ஏறி உட்கார்ந்ததும் இந்தப் புட்டியைத் திறப்பீர்கள்.

நீங்கள் குடியிலிருந்து விடுபட்டதற்காகச் சபை ஸ்தோத்திர ஆராதனை வைத்தது நினைவிருக்கிறதா? கேசரி கிண்டிக்கொண்டு போனீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள், பின்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். வரும் வழியில், "எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா அத்தை?" என்று கேட்டேன். "இப்பத்தான் புள்ள ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு நடக்குது. இருக்கட்டும்லா மாப்ள" என்றீர்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

உங்கள் நினைவு ஆராதனையில் சபை மூப்பர் பேசினார். பாவம், நல்ல எண்ணத்தோடுதான். "குடியின் பிடியிலிருந்து கர்த்தர் மீட்டெடுத்த நம்முடைய தாயார்" என்றார். ரூபி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டேன்.

"என் பேரு குமரேசன். அத்தை ஒருநாளும் குடிச்சதில்ல. அந்த ஸ்டூல்ல ஒக்காந்தது எல்லாம் எனக்காக. தட்ட எறிஞ்சது இந்தக் கை."

உங்கள் தலையில் கைவைத்து ஜெபித்த பெண்களில் ஒருவர், "நாங்க யாரு தலையில கைய வச்சோம், அது யாருக்குப் போயி சேந்துச்சு பாருங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் உட்கார்ந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடியும்வரை விடவில்லை. நீங்கள் இருக்கும்போதே இதைச் செய்திருக்க வேண்டும், அத்தை. என்னை மன்னித்துவிடுங்கள்.

சேகரின் மனைவி போன வாரம் ரூபியிடம் வந்து அழுதாள். லோரி வேலை போய்விட்டதாம், பகலிலேயே குடியாம், வீட்டில் கை நீட்டுகிறானாம். முதலில் அவளையும் பிள்ளைகளையும் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். சேகர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் படியேறிப் போய் அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்தேன். "யாருக்காகப்பா?" என்றார் பாஸ்டர்.

"எனக்காகத்தான் பாஸ்டர். குடி இருக்கு, கோவம் இருக்கு."

பாஸ்டர் வேறு எதுவும் கேட்காமல் தலையில் கைவைத்தார்.

பன்னிரண்டு ஆவதற்குள் தலைவலி வந்துவிட்டது, அத்தை. சட்டைப்பையில் உங்கள் புட்டி இருந்தது. எடுத்துத் தேய்த்துக்கொண்டேன்.

உங்கள் மாப்பிள்ளை