பதினோராம் பக்கம்

ஜூலை 9

அன்புள்ள நாடக ஆசிரியைக்கு,

வணக்கம். அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் நாடகப் பாடம் படிக்கும் என் பெரியவள், நேற்றிலிருந்து அந்தப் பாடமே வேண்டாம் என்கிறாள். "ஏண்டி?" என்றால், "பிடிக்கல, விடும்மா" என்கிறாள். போன வாரம் வரை வசனம் பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; குளியலறைக்குள் ஒரு குரல், வெளியே வந்தால் இன்னொரு குரல். "வீட்ல நடக்கிற நாடகம் பத்தாதா?" என்று அவள் அப்பா கேலி செய்தபோதும் சண்டை போட்டுச் சேர்ந்தவள். வகுப்பில் ஏதாவது நடந்ததா? மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மாணவியின் அம்மா

ஜூலை 11

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடத்தில் பாதி மதிப்பெண் மேடைக்கு, பாதி ஒத்திகைக் குறிப்பேட்டுக்கு. ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் என்ன முயன்றோம், எங்கே சறுக்கினோம் என்று பிள்ளைகள் எழுத வேண்டும்.

உங்கள் மகளுக்குத் தாய் வேடம். மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் காட்சி. அவன் போனபின் தாய் அழாமல் அவன் சட்டையை மடிப்பாள், கடைசிப் பொத்தானில் கை நின்றுவிடும் என்று பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தாள். அசந்துபோனேன். திங்கட்கிழமை அதை வகுப்பில் வாசித்துவிட்டு, "எங்க, செஞ்சு காட்டும்மா" என்றேன். சட்டையைப் பிடித்தபடி நின்றாள். "அவ நோட்டுதான் நல்லா நடிக்கும் மிஸ்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. "மறந்துட்டேன் மிஸ்" என்றாள் உங்கள் மகள், அவ்வளவுதான்.

இவ்வளவு அலட்சியம் கூடாது. அந்த வேடத்தை வேறொருத்திக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நாடகம் இருபதாம் தேதி.

நாடக ஆசிரியை

ஜூலை 12

மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு,

அந்தப் பக்கத்தை எழுதியது நான்.

ஒத்திகைக்கு ஓடுவாள், எழுத உட்கார மாட்டாள். மூன்று வாரப் பக்கங்கள் காலி. மதிப்பெண் போய்விடுமே என்று பயந்து, அவள் தூங்கியபின் எழுதினேன். அவள் கையெழுத்தைப் போலவே. நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டு பிழைகள்கூடச் சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் வாசித்தபோதுதான் அவளே முதன்முறையாகக் கேட்டிருக்கிறாள்.

உங்கள் கடிதம் வந்ததும், "அம்மா எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா மிஸ் உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அதுக்காக வேஷத்தையே விடுவியாடி?"

"பின்ன? ஆனா ஒண்ணும்மா, நாடகத்துல வர்ற அந்த அம்மா சட்டையெல்லாம் மடிக்க மாட்டா. கதவைச் சாத்தாம விட்டுட்டு, தனியா உக்காந்து சாப்பிடுவா. நாலு வாய் ஒழுங்காச் சாப்பிடுவா. நான் அப்படித்தான் செஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன். இனிமே என் நோட்டத் தொடாத."

எது நல்ல நடிப்பு என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது வணிகவியல். ஆனால் அவள் சொன்னது அவளுடையது. பதினோராம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், பூஜ்யம் போடுங்கள். தப்பு என்னுடையது என்று வகுப்பில் சொன்னாலும் சரி, தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறேன்.

வேடத்தை மாற்றுவதற்கு முன், அவள் சாப்பிடுவதை ஒரே ஒருமுறை பாருங்கள். பார்ப்பீர்களா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மாணவியின் அம்மா