ஹரோவில் இருந்த என் விலாசம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. என் கொட்டாஞ்சேனை ஸ்டோரில் மிளகாய் இன்னும் ஈரம். வறுக்க முடியாது. தீபாவளி ஓடருக்கு மிளகாய்த்தூள் நாற்பது பெட்டி பாக்கி.

லண்டன் வங்கிக் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். போனுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்தப் போனுக்கு? மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழையதுக்கு. லண்டன் சிம் அதில்தான். சில மாதத்துக்கொருமுறை காசு போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். மறந்துபோனேன். சிம் செத்துவிட்டது. ஈஸ்ட்ஹாமில் பத்தொன்பது வருடம் கடை நடத்தி, ஒரு பில் பிந்திக் கட்டாதவள் நான்.

லண்டன் ஹரோவுக்கு, பெரியண்ணாவுக்கு போன். அண்ணி காலமானதிலிருந்து தனியாக இருக்கிறார். வங்கிக் கடிதங்கள் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான்.

"ஓம் மலர், ஒண்டு வந்து மூண்டு கிழமை. நான் உடைக்கேல்லை."

"உடைச்சுப் பாக்கிறதுக்கு என்னண்ணா?"

"பிறத்தியாற்ற கடிதம் உடைக்கக் கூடாது."

கூடப் பிறந்தவள் பிறத்தியாள். சரி. உடைக்க வைத்தேன். படம் எடுத்து அனுப்பினார், பாதியில் அவருடைய பெருவிரல். விஷயம் இதுதான்: எந்த நாட்டில் வசிக்கிறீர்கள், எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள், முப்பது நாளுக்குள் அறிவிக்கவும். நாளாந்தக் கணக்கு, ஐஎஸ்ஏ இரண்டுக்கும்.

மூன்று வாரம் போய்விட்டது. மிச்சம் ஒன்பது நாள்.

கடையை விற்று கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து ஐந்து வருடம். கடுதாசியில் இன்னும் ஹரோவில் அண்ணாவோடு இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் லண்டனிலிருந்து திரும்பி வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். நாலாம் மாடிக்காரருக்கு மகளின் விலாசம். எதிர் பிளட் வீட்டு டீச்சருக்கு மச்சாளின் விலாசம். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. "விலாசம் வைச்சிருக்கிறன்" என்பார்கள், குடை வைத்திருப்பது போல.

ஒக்டோபர் 8, புதன்

வெயில். மிளகாய் தப்பியது. முருங்கைக்காய் விலை அநியாயம், வாங்கவில்லை.

பக்கத்துக் கடை பாரூக் நானாவிடம் கடிதத்தைக் காட்டினேன். முப்பது வருடம் அரிசி விற்றவர், யாரை நம்பலாம் என்று தெரிந்தவர்.

"ஐஎஸ்ஏ எண்டா என்னத்த தங்கச்சி?"

"அந்த நாட்டில ஒரு சேமிப்பு நானா. வாற லாபத்துக்கு அங்க வரி இல்லை. ஆனா அங்க இருக்கிற ஆக்கள் மட்டும்தான் புதுசாப் போடலாம். வெளிக்கிட்டாப் பிறகு கிடக்கிறது கிடக்கலாம், மேல போடக் கூடாது."

"நீங்க போட்டீங்களா?"

"மாசம் இருநூறு பவுண். தானாப் போகுது."

"தெரியாமப் போச்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. முதல் வருடம் தெரியாது. இரண்டாம் வருடம் தெரியும். நிறுத்தவில்லை.

நானா தாடியைத் தடவினார். "அங்க வரி இல்லாட்டி இங்கயும் இல்லையெண்டு ஆரு செல்லிய? அதையும் ஒரு ஓடிட்டர்ட்ட கேளுங்க." அதை நான் யோசிக்கவே இல்லை. மனுசன் கெட்டிக்காரன்.

பிறகு தானே வழியும் சொன்னார்: ஹரோ என்றே எழுதிக் கையெழுத்துப் போடு, ரெண்டு கிழமை லண்டன் போய் முகத்தைக் காட்டிவிட்டு வா. சிரித்தேன். டிக்கெட் காசு அவர் தருவாரா?

ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்தது அதைத்தான். ஹரோ என்று எழுதினால் எல்லாம் இருந்தபடி இருக்கும். வெள்ளவத்தை என்று எழுதினால், பென்ஷன் விழுகிற கணக்கை வங்கி மூடக்கூடும். ஐஎஸ்ஏயில் எதைத் தொடுவார்களோ தெரியாது. பிள்ளை குட்டி இல்லை எனக்கு. எண்பது வயதில் விழுந்தால் ஆள் வைத்துப் பார்க்க அந்தக் காசுதான்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பிள்ளையார் கோயில். பிறகு காலி வீதி வங்கி. பென்ஷனை இங்கேயே எடுக்க முடியுமா என்று பார்க்க.

கவுண்டரில் சின்னப் பெட்டை. பிரித்தானியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "மிஸ், வீசா எக்க கோ?" விசா எங்கே என்று சிங்களத்தில் கேட்டது.

விசாவைக் காட்டினேன். மின்சார பில், பிளட் வீட்டு உறுதிப் பத்திரம், படம் ரெண்டு, எல்லாம் கொண்டு போயிருந்தேன். இங்கே பாஸ்போர்ட்டால் வெளிநாட்டுக்காரி. அங்கே விலாசத்தால் வெளிநாட்டுக்காரி. இரண்டு பக்கமும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியது.

பன்னிரண்டு கையெழுத்து. பவுண் கணக்கு திறந்தாயிற்று. பென்ஷன் நேரே இதற்கே வரலாமாம். வெளியே வந்து ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். சுகர் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பென்ஷனுக்கு இனிப் பயம் இல்லை. ஐஎஸ்ஏயில் கை வைத்தால் வைக்கட்டும். ஹரோ என்று எழுதப் போவதில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

பின்னேரம் இரண்டு மணி, லண்டனில் ஒன்பதரை. லண்டன் வங்கிக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். அதற்குள் இரண்டு பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன்.

வந்தது ஒரு பெண், நல்ல பிள்ளை. பிறந்த திகதி, பழைய கேள்விகள். ஒரே மூச்சில் சொன்னேன்: ஐந்து வருடமாகக் கொழும்பில். காசு போட்டது தப்பு. நிறுத்துங்கள். திட்டவில்லை. நேர்மைக்கு நன்றி என்றாள். பிறகு முடிவு:

ஐஎஸ்ஏ இருக்கும். கொழும்புக்கு வந்த பிறகு போட்ட காசுக்கு மட்டும் வரிச் சலுகை இல்லை, வரிக் கந்தோர் கணக்குப் பார்க்கும்.
மாத இருநூறு இன்றோடு நின்றது.
பென்ஷன் விழுகிற நாளாந்தக் கணக்கு வெளிநாட்டில் இருப்பவருக்கு இல்லை. அறுபது நாளில் மூடுவார்கள்.

எழுபது வீதம் வெற்றி. வியாபாரத்தில் இதற்கே தேங்காய் உடைப்பேன்.

விலாசம் கேட்டாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன், ஒழுங்கைப் பெயரை மூன்று தரம். அந்த வங்கிக்கு நான் இருக்கிற இடம் இன்றுதான் தெரியும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நாற்பது பெட்டியும் ஏற்றியாயிற்று. பாரூக் நானா ஓடிட்டரின் நம்பர் தந்தார். வியாழன் போகிறேன்.

அண்ணாவுக்குச் சொன்னேன், இனி என் கடிதம் வராது என்று.

"அப்ப நான் கவுன்சிலுக்கு எழுதலாம்."

"என்னத்தை?"

"தனிய இருக்கிற ஆளுக்கு வீட்டு வரியில கால் பங்கு குறைவு. உன்ர பேரில கடிதம் வருகுது, நான் தனிய எண்டு எழுதினா உனக்கு ஏதும் பிரச்சினை வந்திடும் எண்டு விட்டனான்."

"எப்ப துவக்கம்?"

"கொண்ணி போனதில இருந்து."

அண்ணி போய் நாலு வருடம். முழு வரி. வரியில்லாத சேமிப்பு என்று நான் சந்தோஷப்பட்ட அத்தனை மாதமும் வரியை ஹரோவில் ஒரு மனுசன் கட்டியிருக்கிறார். ஒரு சதத்தைக்கூட விடாத எனக்கு இது கண்ணில் படவில்லை.

"ஏன் சொல்லேல்லை? கணக்குப் பார்த்து இண்டைக்கே அனுப்புறன்."

"விசர்க்கதை கதையாத. அனுப்பினா திருப்பி அனுப்புவன்."

அனுப்புவார், தெரியும். நான் சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் கடித உறைகள் புரள்கிற சத்தம்.

"அண்ணா?"

"இல்லை... அந்தக் கடிதங்கள் வாறது நல்லாத்தான் இருந்தது. கதவடியில ரெண்டு பேரின்ர பேர் கிடக்கும்."

பிறகு முட்டி வலி பற்றிக் கதைத்தார்.

லேபிள் ஒட்டி மிஞ்சிய வெள்ளைத் தாள் இருக்கிறது. அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் உறையில் விலாசம் எழுதிவிட்டேன். ஹரோ விலாசம் பார்க்காமலே வருகிறது. தபால் கந்தோர் காலையில்.