பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தெரு

என் எஸ்தர் அண்ணிக்கு, அடுப்படிக்கு ஓடிவந்து உன் காதில் கத்தியிருக்க வேண்டிய செய்தி இது.

தெரு உள்ளே போய்விட்டது அண்ணி. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக வரைந்த பெத்லகேம் தெரு, நம் வீட்டுப் பின்சுவரில் அடித்த வெள்ளைத் துணிக்குள் இன்று சாயங்காலம் விறுவிறுவென்று போயே போய்விட்டது. நான் இன்னும் கையைக்கூடக் கழுவவில்லை.

நீ போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். சபையிலிருந்து திரைச்சீலை கேட்டு வந்தபோது முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். கோடு போடும் நூலின் ஒரு முனையை ஆணி பிடித்துக்கொள்ளும், மறுமுனையை யார் பிடிப்பது? நீ இல்லாமல் அந்தத் தெருவைப் போட என்னால் ஆகுமா? ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்த நாள் நினைவிருக்கிறதா? அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, உனக்குக் கல்யாணம் ஆன புதிது. பள்ளிக்கூடத் தோழி அண்ணியாக வந்தாலும் அண்ணி அண்ணிதான், வா போ என்று பேசாதே என்று அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்த காலம். தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில் நீ சட்டென்று நின்றுவிட்டாய்.

"ரூபி, அங்க பாரேன். தண்டவாளம் ரெண்டும் போய் ஒண்ணா சேருது. நிஜமா சேந்தா ரயில் எப்படிப் போகும்?"

தண்டவாளம் ஏறிப் போயிற்று. மேலே கரண்டுக் கம்பி இறங்கிப் போயிற்று. இரண்டும் நம் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் போய் முட்டின. நம்மைவிட்டு நேராக விலகிப்போகிற எல்லாமே அங்கேதான் போகின்றன என்று புரிந்ததும், பீச் ரயிலைத் தவறவிட்டதுகூட நமக்கு உறைக்கவில்லை. லைப்ரரி புத்தகத்தில் அதற்கு மறையும் புள்ளி என்று போட்டிருந்தது. உனக்குப் பிடிக்கவில்லை. "மறையற எடம் என்ன, சேர்ற எடம்னு சொல்லு" என்றாய். நமக்குள் அதுவே பெயராகிவிட்டது.

அந்த வருஷமே திரைச்சீலை போடுகிறோம் என்று குதித்தோம். சேர்ற எடத்தில் ஆணி அடித்து, தையல் நூல் கட்டி, நீலப்பொடி தடவி, நீ இழுத்துப் பிடிக்க நான் சுண்டிவிட, கோடு கோடாகத் தெரு விழுந்தது. நமக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகை பார்க்க வந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பூக்கார அக்காதான் நம்மைக் கீழே இறக்கினாள்.

"இன்னாம்மா, பெத்லகேமு பரங்கிமலை மேலயா கீது? தெரு ஏறிக்கினே போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய்.

"நாம நின்னுகிட்டு வரைஞ்சோம் ரூபி. இவங்க உக்காந்துகிட்டுப் பாக்குறாங்க. ஆணியக் கீழ இறக்கணும்."

பெண்களும் பிள்ளைகளும் பாயில், ஆண்கள் பின்னால் நின்றுகொண்டு. காலங்காலமாக நம் சபையில் அப்படித்தான், ஆனாலும் நமக்குத் தோன்றவில்லையே. சுண்ணாம்பு அடித்து முதலிலிருந்து போட்டோம். அன்றிலிருந்து ஆணி பாய்க்காரர்களின் கண்மட்டத்தில்தான். பின்னால் நிற்கும் அண்ணன் மட்டும் வருஷா வருஷம் "உங்க தெரு பள்ளத்துல இறங்குதே" என்று கிண்டல் செய்வார். "ஒரு தரம் உக்காந்து பாருங்க" என்று நீயும் விடாமல் சொல்வாய். பொம்பளைகள் நடுவில் போய் உட்காருவதா என்று அவர் கடைசிவரை உட்காரவில்லை.

அந்த அண்ணன்தான் இன்று தானாக வந்து "நூலை நான் புடிக்கிறேன் ரூபி" என்றார். நீ போனதிலிருந்து சாப்பிட்டாயா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. பிடிக்கவும் தெரியவில்லை. இழுத்து இழுத்து நூலை அறுத்தார், வேட்டியெல்லாம் நீலம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசிக் கோடு விழுந்ததும் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்து துணியை நிமிர்ந்து பார்த்தார்.

"ரூபி, தெரு நேரா போகுது."

நான் பிரஷ்ஷை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"இத்தன வருஷமா அவ இதையா பாத்துகிட்டு இருந்தா?"

ஆமாம் என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அண்ணி. நீ இருந்து இதைக் கேட்டிருக்கக் கூடாதா?

அங்கே மேலிருந்து பார்த்தால் எங்கள் தெரு கோணலாகத்தான் தெரியும், திட்டாதே. கிறிஸ்துமஸ் அன்று பாயில் உன் இடத்தை யாருக்கும் விடமாட்டேன். யார் முணுமுணுத்தாலும் சரி, அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அங்கேயே உட்கார வைப்பேன்.

நூலின் இந்த முனையை விடாத உன் நாத்தனார்,
ரூபி